எங்கள் மாடியின் நிழல்

18.1.1979, வியாழன்

இன்று காலை எதிர்வீட்டு அர்த்தநாரி, தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்குக் கட்டிக் கஞ்சி போட்டிருந்தார். ஒன்பது மணிக்குள் இரண்டு கோடியும் வெயிலில் காய்ந்துவிட்டன. எங்கள் வீட்டுக்கு நேராக இருந்த பத்து முழம் மட்டும் ஈரமாகவே நின்றது. அவரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பனைவிசிறியால் வீசிக்கொண்டிருந்தார்கள். அப்படியும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

ஆபீசுக்குக் கிளம்பியவன் பேசாமல் போயிருக்கலாம். "ஏனுங்க, காயலைங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் எங்கள் மாடியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பனி மாசமுங்க, அப்படித்தான்" என்றார்.

சாயங்காலம் இதைச் சொன்னதும் என் மனைவி கேட்டாள்: "பனி நம்ம ஊட்டு முன்னால மட்டுமா பெய்யுது?"

போன தையில் இதே இடத்தில் பாவு காய்ந்தது. அப்போது எங்களுடையதும் ஓட்டு வீடுதான். தெருவின் கிழக்கு வரிசை என்றாலும் ஓட்டுக்கூரையைத் தாண்டி எட்டு மணிக்கே வெயில் தெருவில் விழுந்துவிடும். காற்று வரும் என்று நான்தான் மாடி எடுத்தேன். காற்றும் வந்தது. ஆனால் பகலெல்லாம் வாங்கிய வெயிலைக் காங்கிரீட் கூரை இரவு முழுக்க எங்கள்மேல் இறக்கியது. சித்திரையில் மூன்று நாள் படுத்துப் பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டோம்.

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதோடு முடிந்திருக்கும். கட்டியதை இடிக்கவா முடியும்?

மாடியில் இப்போது யாரும் படுப்பதில்லை. அதன் நிழல் மட்டும் நாளைக்கும் விடிந்ததும் இறங்கிப் போய் அவர் பாவின்மேல் படுத்துக்கொள்ளும்.