'கா' என்று ஒட்டிய பெட்டி

இன்று காலை பசை காய்ச்சினேன். கடையில் வாங்கியது காய்ந்து கட்டியாகிவிட்டது. மைதாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டு அடுப்பில் வைத்ததும் அந்தப் பழைய வாடை வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய், மூக்குக் கண்ணாடியும் பிடிவாதமுமாக.

தொண்ணூறுகளில் கேரள எல்லைப் பாறசாலையில் நாம் வேலை பார்த்த வாசகசாலையில் பத்திரிகைச் செய்திகளை நான் வெட்டுவேன். நீ சோப்புப் பெட்டிகளில் பிரித்துப் போட்டு, மேலே ஓரெழுத்து எழுதி ஒட்டுவாய். முழுசாக எழுதச் சொன்னால், "எளுத எடம் வேண்டாமா மக்கா?" என்பாய். கேட்பவர்களுக்கு நீயே எடுத்துக் கொடுத்ததால் நானும் விட்டுவிட்டேன்.

நீ காய்ச்சலில் படுத்திருந்த அன்று பூவாரிலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷன் மீன்பிடிக்கப் போன வள்ளம் திரும்பவில்லை. குளச்சல் பக்கம் ஒரு வள்ளத்து ஆட்களைக் காப்பாற்றியதாகத் தமிழ்ப் பத்திரிகையில் வந்ததாம். அவளுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். "எக்க மாப்ளக்க பேரு உண்டான்னு பாருங்க சேச்சி" என்றாள்.

அதை வெட்டிய ஞாபகம் இருந்தது, பெயர்கள் ஞாபகமில்லை. மீன்பிடிப்புக்கு 'மீ' இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. கடலுக்கு 'க' என்று திறந்தால், உள்ளே முழுக்கக் கறவைமாட்டுச் சமாச்சாரம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் வீட்டுக்கு ஓடினேன்.

போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாய். நேராக 'கா' பெட்டியில் கையை விட்டாய். பெயர்களை உரக்க வாசித்தாய். மூன்றாவது பெயர் அவன்தான். உயிரோடு ஆஸ்பத்திரியில் இருந்தான். "எக்க மாதாவே!" என்று அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து உன்னிடம் எரிந்து விழுந்தேன். என்ன செய்தி என்று பார்த்துப் பிரிக்காமல் இதென்ன கூத்து?

"தேடி வாறது ஆருன்னு பாத்தாக்கும் நான் எளுதுவேன்" என்றாய், இருமிக்கொண்டே. "'க' கறவைக்காரங்களுக்கு. 'கா' காத்திருக்கவங்களுக்கு. கடலானா என்ன, கல்ஃபானா என்ன, காத்திருக்கவ ஒருத்திதான மக்கா?"

அன்றைக்கு உன் மேல் வந்த பிரியம் இன்னும் குறையவில்லை.

இப்போது என் வீட்டுக் காகிதங்களையும் உன் முறைப்படிதான் பிரிக்கிறேன். மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

இன்று பசை காய்ச்சியது, நீ போன பிறகு உன் படங்களையும் கடிதங்களையும் போட்டு வைத்த பெட்டிக்காக. உன் பெயரின் முதலெழுத்தை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு, இதைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று யோசித்தேன். என் பெயரின் முதலெழுத்தையே எழுதி ஒட்டினேன்.