எழுந்து பாடியவர்

என் கண்ணுக்கு,

நாடகம் முடிந்ததும் உன்னைப் பார்க்காமல் கிளம்பிவிட்டோம் என்று கோபிக்காதே. அப்பாதான் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

உன் கல்யாணத்துக்கே வராத மனுஷன், "அந்த ஆளு பாடறத நான் எதுக்குக் கேக்கணும்?" என்று முறுக்கிக்கொண்டேதான் வந்தார். "எம்பொண்ணு எழுதின நாடகம்" என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் நான் ரெண்டு தடவை சொல்லிவிட்டேன்.

அப்பா உனக்குப் பாடிய தாலாட்டை, உன் வீட்டுக்காரர் தன் ஊர் வாத்தியத்தை மீட்டிக்கொண்டு நம் மொழியில் பாடினாரே, என்ன அழகு! நடுவில் அவருக்கு வரி மறந்தபோது கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து மிச்சத்தைப் பாடினார் அல்லவா? மேடை வெளிச்சத்தில் உனக்கு முகம் தெரிந்ததோ என்னவோ, அது உன் அப்பாதான்! அதுவும் நாடகம் என்று நினைத்து அரங்கமே கைதட்டியது.

இன்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொல்கிறார்: "அடுத்த வார நாடகத்துல நான் எப்ப எந்திரிக்கணும்னு மாப்பிள்ளைகிட்ட கேட்டுச் சொல்லு."

கால் தரையில் பாவாத,
உன் அம்மா