மகள் என்னைச் சாச்சா என்றாள்

கராச்சி, வெள்ளிக்கிழமை

நூரீனின் அம்மாவுக்கு என் ஸலாம்.

உன் முழங்கால் வலி குறைந்ததா? எருமை கன்று போட்டுவிட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே என் பஸ்ஸைக் கண்டால் போலீஸ்காரனே மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு, "சாச்சா, நீங்க முதல்ல போங்க" என்கிறான். கராச்சியில் பாதிப் பேருக்கு நான்தான் சித்தப்பா.

நேற்று நீ மாவு அரைக்கப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். அங்கே விளையாடிக்கொண்டிருந்த நூரீன்தான் எடுத்தாள்.

"ஸலாம் சாச்சா, யாரு பேசுறீங்க?"

"நீயே சொல்லு பாப்போம்."

"தெரியலையே சாச்சா. அப்பா ஊர்ல இல்ல, கராச்சியில இருக்காங்க. அம்மா வந்தா என்ன சொல்லணும்?"

நான் கிளம்பியபோது பேச்சே வராத பிள்ளை! இந்த ஐந்து வயதில், குரலை வைத்தே வயதைக் கணித்து, தெரியாத மனிதருக்கு என்ன மரியாதை கொடுத்தாள் பார்! டிப்போவில் சொன்னேன். நாற்பது டிரைவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் யாரென்று மட்டும் அவளிடம் சொல்ல வரவில்லை. தொண்டையில் டீசல் புகை.

அவளைத் திட்டாதே. நம் கல்யாணப் போட்டோவைத் தினமும் காட்டு. தாடி இப்போது கொஞ்சம் நரைத்திருக்கும் என்றும் சொல். அவள் பாத அளவை ஒரு நூலில் எடுத்து அனுப்பு, செருப்பு வாங்க வேண்டும்.

பெருநாளுக்கு வருகிறேன். வந்திருப்பது யாரென்று அவளிடம் சொல்லாதே, அவளே கண்டுபிடிக்கட்டும். இல்லை, வேண்டாம். முந்தின நாளே சொல்லிவிடு.

வண்டி எடுக்க நேரமாகிவிட்டது.

நூரீனின் அப்பா,
இஃப்திகார்