எட்டு இயந்திரங்கள் பற்றிய கேள்வி

ஜூன் 4, செவ்வாய்

அரசு பொய் சொல்கிறது. வாய் தவறிச் சொன்ன பொய் இல்லை. தட்டச்சு செய்து, எண் போட்டு, அமைச்சர் கையெழுத்தோடு அனுப்பிய பொய்.

இன்று பதில் வந்தது. கேள்வி நான் எழுதியது, அதன் கீழே இருக்கும் பெயர் எங்கள் சட்டமன்ற உறுப்பினருடையது. அவர் அலுவலகத்தில் என் வேலையே அதுதான், அவர் சார்பில் அவைக்கு எழுத்துக் கேள்விகள் தயாரிப்பது. சாலை, பாலம், குடிநீர் என்று அறுபதுக்கு மேல் எழுதியிருப்பேன். இந்த ஒன்றைத்தான் வயிறு எரிந்து எழுதினேன்.

(அ) நகர அரசு மருத்துவமனையின் எட்டு டயாலிசிஸ் இயந்திரங்களில் ஐந்து, ஜனவரி முதல் பழுதாகிக் கிடப்பது உண்மையா?
பதில்: இல்லை.
(ஆ) ஆம் எனில், எப்போது சரிசெய்யப்படும்?
பதில்: இந்த வினா எழவில்லை.

எழவில்லையாம். என் அண்ணன் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கிறான். அவனுக்கு வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஓடுவது மூன்று இயந்திரம், நிற்பது ஊரே. அதனால் இரண்டு முறைதான். அந்த மூன்றாவது முறைக்காகத்தான் இந்தக் கேள்வி.

ஜூன் 5

அவையின் வினாப் பிரிவுக்குப் போய்ச் சண்டை போட்டேன். கேள்விகளைப் பரிசீலித்து எண் கொடுக்கிற எழுத்தர் அங்கே ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். எல்லோரும் அவளைக் கத்தரி என்றுதான் சொல்வார்கள். ‘வெட்கக்கேடான அலட்சியத்தால்’ என்று நான் எழுதியிருந்ததை வெட்டிப் போட்டவள் அவள்தான்.

“நீங்க அரசாங்கத்து ஆளா?” என்றேன்.

“விதியோட ஆளு. உக்காரு. அஞ்சும் ஜனவரியிலயா கெட்டுச்சு?”

“நாலு. ஒண்ணு பிப்ரவரியில.”

“அப்ப ‘இல்லை’ன்னு சொன்னது சரிதானே.”

என் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

“ஒரே வாக்கியத்துல மூணு சங்கதிய அடைச்சிருக்க. ஒண்ணு பிசகினா போதும், மூணுக்கும் சேத்து ‘இல்லை’ன்னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. ‘ஆம் எனில்’னு ரெண்டாவத முதலாவதோட வால்ல கட்டிவிட்டது யாரு, நானா?”

தெரிந்தேதான் எழுதினேன். ‘ஐந்து, ஜனவரி முதல்’ என்றால் படிக்க ஓங்கி அறைவது மாதிரி இருந்தது. என் கோபத்துக்கு வசதியாக ஒரு மாதத்தை மாற்றினேன். அந்தப் பிழைக்குள் அமைச்சர் புகுந்து வெளியே போய்விட்டார். வாசலைத் திறந்துவைத்தது நான். முட்டாள்.

ஜூன் 6

அண்ணன் கால் வீங்கிவிட்டது. செருப்பு நுழையவில்லை.

ஜூன் 8

அவனோடு மருத்துவமனைக்குப் போனேன். நீண்ட அறை, எட்டு நாற்காலிகள், மூன்றில்தான் ஆட்கள். மற்ற ஐந்தின் மேலும் பிளாஸ்டிக் உறை. நடந்ததைச் சொன்னேன். குழாயோடு படுத்தபடியே சிரித்தான்.

“நாலு மணி நேரம் மோட்டுவளையப் பாத்துக் கெடக்கறவன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. அங்க பாரு, ஒவ்வொரு மெஷின்லயும் ஒரு நோட்டு தொங்குது. யாருக்கு, எந்தத் தேதி, எத்தன மணி நேரம், எல்லாம் அதுல எழுதணும். ஓடாத மெஷினோட நோட்டு வெள்ளையா இருக்கும். கெட்டுப்போச்சான்னு கேட்டா ஆயிரம் சொல்லுவாங்க. நோட்டுல என்ன இருக்குன்னு கேளு.”

“இவருக்கு வாய் மட்டும் ஒருநாளும் பழுதாகறதில்ல” என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் 10

எழுதிவிட்டேன். எட்டு இயந்திரங்களின் எண்கள் என்ன. ஜனவரி முதல் மே வரை, ஒவ்வொரு எண்ணிலும், மாதவாரியாக, எத்தனை முறை சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒருமுறைகூட அளிக்கப்படாத மாதங்களுக்குக் காரணம் என்ன. உதிரிபாகம் கோரி எழுதப்பட்ட நாள் எது. நான்கு பகுதி; எதுவும் எதன் தோளிலும் சாயவில்லை. ஒன்று விழுந்தாலும் மற்றவை நிற்கும்.

ஒரு உறுப்பினருக்கு வாரத்துக்கு மூன்று கேள்விதான். இந்த வாரத்து மூன்றாவதைப் பழுதான பாலத்துக்காகக் கேட்டு வந்த ஊர்க்காரர்களுக்குத் தருவதாக எங்கள் உறுப்பினர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். தயங்கித்தான் நீட்டினேன். அவர் ஆளுங்கட்சி வேறு. அவையில் தூங்குகிறார் என்று பத்திரிகைக்காரர்கள் படம் போட்டுக் கிண்டல் செய்த ஆள். நானும் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

இரண்டுமுறை படித்தார். “பாலம் அடுத்த வாரமும் அங்கயேதான் நிக்கும். உங்கண்ணன் அப்படியாம்மா?”

நான் அண்ணனைப் பற்றி அவரிடம் சொன்னதே இல்லை. எப்படித் தெரிந்தது?

கையெழுத்திட்டார். கத்தரி ஒரே ஒரு சொல்லை வெட்டினாள். நான்காவது பகுதியில் நான் செருகியிருந்த ‘குறைந்தபட்சம்’.

“அது எதுக்கு? தேதிய மட்டும் கேளு. தேதிக்கு ரோஷம் கிடையாது.”

பதினைந்து நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி.

ஜூன் 17

கட்சிக் கொறடா வந்தார். உறுப்பினர்களைக் கட்சியின் சொல்லுக்குள் கட்டிவைப்பது அவர் வேலை. என்னை வெளியே போகச் சொல்வார் என்று எழுந்தேன். உறுப்பினர் உட்காரச் சொன்னார்.

“அண்ணே, அந்த மருத்துவமனைக் கேள்வி. வாபஸ் வாங்கிட்டா நல்லதுன்னு மேல நினைக்கறாங்க.”

“வாங்கிடலாமே. யாரு நினைக்கறாங்க, எதுக்கு நினைக்கறாங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. நமக்கு ஞாபகமறதி ஜாஸ்தி.”

“எழுத்துலயா?”

“பின்ன? நாங்களும் எழுத்துலதான கேட்டிருக்கோம்.”

கொறடா எழுந்தார். டீயைத் தொடாமல் கிளம்பினார். கதவு மூடியதும் உறுப்பினர் அந்த டீயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அடுத்த தேர்தல்ல எனக்கு சீட்டு இல்லம்மா. உனக்கு வேலையும் இல்ல. இப்பவே வேற எடம் பாத்து வை.”

குடித்து முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரா என்று தெரியவில்லை. தூங்கட்டும். இனி யாராவது அந்தப் படத்தைக் காட்டிச் சிரித்தால் தெரியும் சேதி.

ஜூன் 19

இரண்டு வரி வரவில்லை.

ஜூன் 25

பதில் வந்தது. அட்டவணை. நான்கு இயந்திரங்களுக்கு ஐந்து மாதமும் பூஜ்யம். ஐந்தாவதற்கு ஜனவரியில் நாற்பத்தொன்று, பிறகு பூஜ்யம். இருபத்துநான்கு பூஜ்யங்கள், வரிசையாக, அமைச்சர் கையெழுத்துக்கு மேலே.

காரணம்: உதிரிபாகம் இல்லை.
கோரி எழுதப்பட்ட நாள்: ஜூன் 13.

நாங்கள் கேள்வியைக் கொடுத்தது ஜூன் 10.

ஐந்து மாதமாக ஒருத்தனுக்கும் ஒரு கடிதம் எழுதத் தோன்றவில்லை. கேள்வி போய் மூன்றாம் நாள் தோன்றியிருக்கிறது. ஒரு தாள் போதுமாக இருந்திருக்கிறது. அந்த ஒரு தாளைக்கூட எழுதாமல் என்னய்யா பண்ணிட்டு இருந்தீங்க?

உறுப்பினர் அட்டவணையை அவையில் எழுந்து வாசிக்கப்போகிறேன் என்றார். வாசித்தார். இயந்திர எண், மாதம், பூஜ்யம். இயந்திர எண், மாதம், பூஜ்யம். குரலை ஒருமுறைகூட உயர்த்தவில்லை. பின்வரிசையில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது.

ஜூலை 9

பழுதான ஐந்தில் நான்கு இயந்திரங்கள் இப்போது ஓடுகின்றன. டெக்னீஷியன்கள் இரவு பகலாக உட்கார்ந்து மாட்டினார்களாம். அவர்களைப் பற்றி நான் ஒருநாளும் நல்லதாக நினைத்ததில்லை. திங்கள் முதல் அண்ணனுக்கு வாரம் மூன்று முறை. அண்ணி தொலைபேசியில் அதைச் சொல்லத் தொடங்கி, சொல்லி முடிக்காமல் வைத்துவிட்டாள்.

கத்தரிக்கு நன்றி சொல்லப் போனேன்.

“நன்றிக்கெல்லாம் இங்க எண் போடறதில்ல. பின்னாடி ஆளு நிக்கறார், நகரு.”

நகர்ந்தேன். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபப்பட வரும். இது எப்படி என்று தெரியவில்லை. நெஞ்சில் கனமாக ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தது. நல்லவிதமான கனம்.

ஜூலை 20, சனி

அண்ணனுடைய மூன்றாவது முறை. முகத்தில் ரத்த ஓட்டம் தெரிகிறது. அடுத்த வாரம் அச்சகத்து வேலைக்குப் போகப்போகிறானாம்.

அவன் படுத்திருந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காத்திருப்போர் பட்டியல். பத்தொன்பது பெயர்கள். ஆறு பெயர்களைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.

“இவங்க ஆறு பேருக்கும் முறை கெடச்சுடுச்சா சிஸ்டர்?”

நர்ஸ் பஞ்சை மடித்துக்கொண்டிருந்தாள். “முறை கெடச்சவங்களுக்கு நீல மையில டிக் போடுவோம்மா.”

அண்ணனோடு பேருந்தில் வீடு திரும்பினேன். இறங்கும்போது, “ஜனவரியிலயே இந்தக் கேள்விய ஏன் யாரும் கேக்கல?” என்றான். யாரும் என்றால் நானும்தான். ஜனவரியில் அவனுக்கு உடம்பு சரியாக இருந்தது. நான் பாலத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 22

ஜனவரி முதல் ஜூன் வரை, முறை வருமுன் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்கள் எத்தனை பேர். ஒவ்வொருவரும் நீக்கப்பட்ட நாள் எது. ஒவ்வொருவருக்கும் காரணம் எது.

உறுப்பினர் படித்ததும் பேனாவைக் கேட்டார். கத்தரி மூன்று வரியையும் மெதுவாகப் படித்தாள். ஒரு சொல்லையும் வெட்டவில்லை. எண்ணைக் குத்தி, தாளை இரண்டு கையாலும் பிடித்துத் தட்டில் வைத்தாள்.

ஆகஸ்ட் 6

கெடு முடிந்தது. பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 13

இரண்டாவது நினைவூட்டல்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அண்ணன் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டான். அண்ணி விளக்கை அவன் முகத்தில் படாமல் திருப்பிவைத்தாள். இந்தக் காட்சிக்கு நான் எத்தனை பேருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அந்த ஆறு வீடுகளிலும் இந்நேரம் விளக்கு எரியும்.

இன்று மூன்றாவது நினைவூட்டல். விதிப்படி எழுத வேண்டியதை எழுதி, கடைசியில் என் வரி ஒன்றைச் சேர்த்தேன். உறுப்பினர் பார்த்தார், விட்டுவிட்டார்.

ஆறு பேருக்கும் என்ன ஆயிற்று? எழுத்தில் சொல்லுங்கள்.