தந்தியின் கடைசி எண்

ஆடி 9

விடாத மழை. ஸ்டோரில் ஏலக்காய் காயவே இல்லை. காலையில் பாலக்காட்டுக் கடைக்கு எஸ்டேட் தந்தி எழுதினேன். விலை கசியாமலிருக்க மறைசொற்கள். கடைசியில் சரிபார்ப்பு எண். ஒவ்வொரு சொல்லிலும் எத்தனை இங்கிலீஷ் எழுத்தென்று எண்ணி, முதல் சொல்லை ஒன்றால், இரண்டாவதை இரண்டால் என்று பெருக்கி, எல்லாம் கூட்டி, ரகசிய எண்ணையும் சேர்க்க வேண்டும். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தந்தியில் போகும். வேறு யாராவது எழுதினாலோ மாற்றினாலோ கணக்கு உதைக்கும். இந்த மாத ஆபீஸ் எண் 42.

அங்கே கணக்குப் பார்ப்பது குமாஸ்தா ராமு. என் ராமு. எங்கள் இருவருக்குள் போகும் தந்திக்குத் தனி எண் உண்டு. எங்கேயும் எழுதுவதில்லை என்று சத்தியம். டயரி, உனக்கும் கிடையாது.

இன்னும் ஆறு நாள். 15 பாலக்காடு, ரிஜிஸ்டர் கல்யாணம்.
வளையல். குடைக்கம்பி. லீவு லெட்டர்.
அம்மாவிடம் சொல்ல. (எப்படி?)

ஆடி 12

மழை. என் பெயருக்குத் தந்தி. "டூ நாட் கம். மேரேஜ் பிக்ஸ்ட். பர்கெட்." வராதே, வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது, மறந்துவிடு. ஆறே சொல். கடைசியில் 30.

"நல்ல சேதியல்லே, மோளே?" என்றார் தபால்காரர். ஆமாம் என்றேன்.

ஆடி 13

சாப்பிடவில்லை. அவன் அண்ணன் வேலையோ? தோப்பும் வயலும் உள்ள குடும்பம், ஏலக்காய் பறிக்கிறவள் மகள் எதற்கு அவர்களுக்கு. ராமு அன்றே சொன்னான்: "எங்க ஊட்டுல யாராச்சும் எம்பேர்ல தந்தி கொடுப்பாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒத்து வரலீன்னா நம்பாதீங்க."

ஒத்து வந்தால்? நான் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது. இன்னும் கணக்குப் போடவில்லை.

ஆடி 14

போட்டுவிட்டேன். ஆபீஸில், இரண்டு தந்திக்கு நடுவில், அவசர அவசரமாக.
2, 6, 12, 32, 25, 36. மொத்தம் 113. எண்ணையும் சேர்த்தால் 155. வர வேண்டியது 55. வந்தது 30.

பொய்த் தந்தி! பொய்! அண்ணன்தான்!

"ஏட்டி, நேத்து சோறு வேண்டாம்னே, இன்னைக்கு தானா சிரிக்கே?" என்றாள் அம்மா. எல்லாம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். பிறகு, "போறதுன்னா அந்தப் பச்சைச் சேலையக் கட்டிட்டுப் போ" என்றாள். அவளுடைய ஒரே நல்ல சேலை.

ஆடி 15

மழை விட்டிருக்கிறது. குமுளி பஸ். ஆசையாக எங்கள் சீட்டில் உட்கார்ந்தேன். போன வருஷம் காய் பார்க்க வந்த ராமு இங்கேதான் பக்கத்தில் உட்கார்ந்தான். எங்கள் எண் இந்த சீட்டின் எண்தான். ஜன்னலுக்கு மேலே வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கிறது.

அண்ணாந்து பார்த்தேன். நேற்று நான் கூட்டியது இதையல்ல. 42. ஆபீஸ் எண். தினமும் கூட்டிக் கூட்டி, கை தானாக அதையே எழுதியிருக்கிறது.

113உம் இதுவும் 130.

முப்பது.

எண்ணை யாருக்கும் சொல்லியிருக்க மாட்டான், அந்த யோக்கியம் உண்டு. அவனே எழுதியிருக்கிறான். எழுத்தெண்ணி, பெருக்கி, கூட்டி, எனக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று சரிபார்த்து அனுப்பியிருக்கிறான். எப்படி மனசு வந்தது ராமு?

அம்மா சேலை நனைகிறது.

17. எழுதிவிட்டேன். இனி யார் பார்த்தால் என்ன.

கண்டக்டர் இரண்டாம் முறை கேட்கிறார், எங்கே போகணும் என்று.