நான்காவது லேனின் கடிகாரம்

மே 6, செவ்வாய்

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள். விடியுமுன்பே சட்டை முதுகில் ஒட்டுகிறது. 4.50 எழுந்தது. 5.05 நிவியை எழுப்பியது. 5.20 மொபெட். ஆவடி நீச்சல் குளம் 5.45.

மறந்தது: நீச்சல் கண்ணாடி (பாதி வழியில் திரும்பி வந்து எடுத்தேன்). மறக்காதவை: துண்டு, வாழைப்பழம் 2, அவளுடைய ரப்பர் தொப்பி, என் ஸ்டூல்.

பேத்தி நிவிக்கு ஒன்பது வயது. பயிற்சி வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம். வரும் ஞாயிறு டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். பத்து வயதுக்குக் கீழ் ஐம்பது மீட்டர், 52 நொடிக்குள் வரவேண்டும். டீமில் சேர்ந்துவிட்டால் காலையில் வேன் வந்து வாசலிலேயே ஏற்றிக்கொள்ளுமாம். அதுவரைக்கும் நான்.

திரும்பும்போது சி.டி.எச். ரோடு முழுக்கப் பின்னால் பேச்சு. ஹெல்மெட்டில் பாதிதான் விழுகிறது. "தாத்தா, தண்ணிக்குள்ள எவ்ளோ கத்துனாலும் மேல இருக்கறவங்களுக்குக் கேக்காது, தெரியுமா?" தெரியாது. எனக்கு நீச்சலே தெரியாது. அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

போக வர ஐம்பது நிமிடம். ஒரு நாளில் என்னிடம் யாராவது பேசுவது அவ்வளவுதான். மகன் பாபுவுக்கு நைட் ஷிப்ட். நான் பார்ப்பது அவன் தூங்கும் அறையின் கதவை. மருமகள் சுமதிக்கு ஆபீஸ். மனைவி ஓசூரில், மகள் வீட்டில். பிரசவத்துக்கு இரண்டு மாதம் என்று போனவள். அந்தப் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

மதியம் மோர்க்குழம்பு. உப்பு இல்லை. சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

புழுக்கம். காற்று ஒரு இலையையும் அசைக்கவில்லை.

ட்ரயல் அன்று நேரம் பார்க்கப் பெற்றோர்தான் நிற்கவேண்டும் என்று கோச் தினேஷ் கூப்பிட்டுப் பேசினான். வயது இருபத்தாறு இருக்கும். ஒரு லேனுக்கு இரண்டு பேர், இரண்டு ஸ்டாப்வாட்ச், இரண்டின் சராசரி. நான் உடனே கை தூக்கினேன். ஃபேக்டரியில் கேஜ் ரூமில், பாகங்களை அளந்து பார்க்கும் வேலை, முப்பத்தெட்டு வருஷம். எட்டாம் வகுப்போடு நின்றவன். மைக்ரோமீட்டர் பார்க்க யாரும் கற்றுத்தரவில்லை, நானே புத்தகத்தை வைத்துக்கொண்டு கற்றேன்.

அவன் சொன்னது, அப்படியே: "எல்லாரும் விளிம்புல நின்னு நேரா கீழ பாக்கணும். குழந்தை சுவரைத் தொட்டுட்டு நிமிந்தா உங்க மூஞ்சி தெரியணும். தெரியலன்னா நீங்க லேட்டுன்னு அர்த்தம்."

எனக்கு அளவெடுக்கப் பாடம்.

என் கூட நான்காவது லேனுக்கு ரஹ்மான் பாய். பூந்தமல்லியில் தையல் கடை. இவர் பையன் இம்ரானும் ட்ரயலுக்கு வருகிறான். ஸ்டூலைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, ஸ்டூல்லாம் எத்துகினு வந்துகீறீங்க. இது இன்னா கல்யாண ஊடா?" என்றார். முழங்கால் என்றேன். "அப்ப சரி. பந்தி போட்டா சொல்லுங்க."

வாட்சை வீட்டுக்கு வாங்கி வந்து டிவி கடிகாரத்தோடு ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். பிசகில்லை.

தண்ணீரில் படும் வெயில் இடது கண்ணைக் குத்துகிறது. சுமதி கண்ணைக் காட்டச் சொல்லி ஒரு வருஷமாகச் சொல்கிறாள். பிழைப்பே கண்ணால் நடத்தியவனிடம்.

மே 11, ஞாயிறு

வெயில். 7 மணிக்கே தரை சுட்டது.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நிவிக்கு நான்காவது லேன் விழுந்தது. தினேஷ் வந்து, "ஐயா, உங்க பேத்தி லேன். வேற லேனுக்கு மாறிக்கிறீங்களா?" என்றான். நொடி எல்லா லேனிலும் ஒன்றுதான் என்றேன். மாறவில்லை.

விசில். குதித்தாள். தொட்டாள். அழுத்தினேன்.

என் வாட்ச் 52.6. பாய் வாட்ச் 51.9. சராசரி 52.25.

தினேஷ் தனியாகக் கூப்பிட்டான். "ஐயா, ரெண்டுக்கும் நடுவுல இவ்ளோ வித்தியாசம் வராது. உங்க விரல் கொஞ்சம் லேட் ஆயிருக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க. மாத்திக்கலாம்."

"பாய் விரல் முந்தியிருக்கலாம்" என்றேன்.

பாய் சிரித்தார். "ஆமா, நமக்கு மிஷின் மிதிக்கிற கால்தான் ஸ்பீடு. கை ஸ்லோதான்." பிறகு சிரிக்காமல், "உட்ருங்க அண்ணாத்தே, குழந்த பாவம்" என்றார்.

ஃபேக்டரியில் ஒருமுறை ஒரு லாட் முழுவதையும் பாஸ் பண்ணச் சொன்னார்கள். நூலளவுதானே என்றார்கள். கையெழுத்துப் போடவில்லை. அதனால் கடைசி வரை பதவி உயர்ந்து சார்ஜ்மேன் ஆகவில்லை. அன்று போடாதவன் சொந்தப் பேத்திக்குப் போடுவேனா. தாளில் 52.6 எழுதிக் கையெழுத்திட்டேன்.

நிவி அழவில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு என்னையே பார்த்தாள். மொபெட்டில் பின்னால் சத்தமே இல்லை. திருமுல்லைவாயில் வந்ததும் விழுந்துவிட்டாளோ என்று ஒருமுறை கையைப் பின்னால் விட்டுப் பார்த்தேன். இருந்தாள்.

மே 12, திங்கள்

மேகம். மழை இல்லை.

மருமகள் சு. காபியை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னது: "டீமுக்குப் போயிட்டா வேன் வந்துடும். அப்புறம் உங்களுக்கு வேல இருக்காது. அதான மாமா?"

காபி ஆறியது.

அப்படி நினைத்தேனா? இல்லை. நிச்சயமாக இல்லை.

ஆனாலும் 6ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "அதுவரைக்கும் நான்" என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான்.

மே 14, புதன்

வெயில். தண்ணி லாரி வரவில்லை.

வகுப்பு இருக்கிறது. நிவி போகமாட்டேன் என்றாள். 4.50க்கு எழுந்து, துண்டை மடித்து வைத்து, 6 மணிக்கு மறுபடி எடுத்து அலமாரியில் வைத்தேன்.

அவள் என்னோடு பேசுவதில்லை. பேசுவாள்: "தாத்தா, சாப்பிட வா." அது பேச்சில்லை.

வாங்க வேண்டியவை: முழங்கால் தைலம், பேனா ரீபில், குண்டு பல்ப் 1.

மே 18, ஞாயிறு

ஓசூரிலிருந்து மனைவியின் போன். நடந்தது சு. வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. "நீங்க எப்பவுமே இப்படித்தான். ஒரு தடவ வளைஞ்சா என்ன உடைஞ்சிடுவீங்களா" என்றாள். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. பேரன் போனைப் பிடுங்கி ஏதோ பாடினான். அவள் சிரிக்கும் சத்தம். போன் மேஜை மேல் போலும். நான் ஐந்து நிமிடம் அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் வைக்கவில்லை. நானே வைத்தேன்.

சரியாகச் செய்ததற்கு இது.

மே 20, செவ்வாய்

காலையில் தூறல், ஐந்து நிமிடம். பிறகு முன்னைவிடப் புழுக்கம்.

பாய் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அவருடைய பெரிய பெண் மேலே இருந்து எடுத்தது, இம்ரான் ஐந்தாவது லேன். கூடவே அவர் குரல்: "அண்ணாத்தே, பக்கத்துல உங்க பேத்தியும் தெரியுது பாருங்க. கைய இன்னா அழகா போடுது. அடுத்த தபா கண்டிப்பா வந்துரும்." நல்ல எண்ணத்தில் அனுப்பியது.

நிவியைத்தான் பார்த்தேன் முதலில். உண்மையில் அழகாகத்தான் போடுகிறாள்.

அப்புறம் அவள் சுவரைத் தொடும் கடைசிப் பகுதியைப் பார்த்தேன். பாய் விளிம்பில் குனிந்து நிற்கிறார். எல்லா லேனிலும் எல்லாரும் குனிந்து நிற்கிறார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். அவள் கை சுவரைத் தொடுகிறது. தலை நிமிர்கிறது. நான் இன்னும் ஸ்டூலில். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எட்டிப் பார்த்து, பிறகு அழுத்துகிறேன்.

பதினொரு தடவை ஓடவிட்டேன். அதே வாட்சை வைத்துக்கொண்டு. குறைந்தது அரை நொடி. ஒவ்வொரு தடவையும்.

வாட்சைச் சோதித்தேன். வாட்சைப் பிடித்தவனைச் சோதிக்கவில்லை. கேஜ் ரூமில் புதிதாக வரும் பையனிடம் இப்படி ஒரு தப்பைப் பார்த்திருந்தால் ஒரு வாரம் திட்டியிருப்பேன்.

மதியம் சாப்பிடவில்லை. யாரும் வீட்டில் இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

மே 21, புதன்

5.20க்குத் தனியாக மொபெட்டில் போனேன். பின்னால் கனம் இல்லாமல் வண்டி துள்ளுகிறது.

தினேஷிடம் ஒரு தாள் கொடுத்தேன். நேற்றே எழுதி வைத்தது: "லேன் 4, முதல் வாட்ச், 52.6. இந்த அளவு செல்லாது. காரணம்: நேரம் பார்த்தவர் விளிம்பில் நிற்கவில்லை. அவரை இனி இந்த வேலைக்கு வைக்க வேண்டாம்." கீழே தேதி, கையெழுத்து. வாட்சையும் கொடுத்தேன்.

அவன் இரண்டு தடவை படித்தான். "என்ன ஐயா இது, உங்க மேல நீங்களே கம்ப்ளெயின்ட்டா?"

ரிப்போர்ட் என்றேன்.

ஒரே வாட்சை வைத்து எடுக்க முடியாதாம். ஞாயிறு காலை மறுபடி நீந்தட்டும், வேறு இரண்டு பேர் பார்க்கட்டும் என்றான். "நீங்களும் வாங்க ஐயா. சும்மா உக்காந்து பாருங்க." வரவில்லை என்றேன். உட்கார்ந்து பார்த்தது போதும்.

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

சாயங்காலம் நிவி ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள், லீவிலும் ஏதோ கொடுத்திருக்கிறார்கள். அருகில் போய், ஞாயிற்றுக்கிழமை உனக்கு மறுபடி ட்ரயல், அன்றைக்குத் தப்பு என் மேல், நான் லேட்டாக எழுந்தேன் என்றேன்.

தலை நிமிராமல், "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் தொட்டுட்டு மேல பாத்தேன். பாய் மாமா மூஞ்சி இருந்துச்சு. இந்தப் பக்கம் வெறும் வானம்தான் இருந்துச்சு. அப்புறமா நீ வந்த."

"ஏன் சொல்லல? உங்கம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"ஏற்கெனவே எல்லாரும் உன்னத் திட்றாங்க" என்றாள். ரப்பரால் எதையோ அழித்தாள். "நீ யாரையும் பேசவே விடமாட்ட, தாத்தா."

பத்து நாள். கோபம் என்று நினைத்தேன்.

மே 22, வியாழன்

காற்று. நிவி பயிற்சிக்கு வந்தாள். பின்னால் பேச்சு இருந்தது. அதிகமில்லை. நான் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினேன், கேட்பதற்காக.

சு.விடம் வீடியோவைக் காட்டினேன். பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ராத்திரி ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

மே 25, ஞாயிறு

எழுத்து பெரிதாக இருக்கும். கண்ணில் சொட்டு மருந்து.

நிவியை சு. ஸ்கூட்டியில் கூட்டிப்போனாள். நான் பஸ் பிடித்து, பாரிவாக்கம் தாண்டி, பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண் முகாமுக்கு. 113ஆம் டோக்கன். சீட்டெழுதும் பெண் கேட்டது: "கூட யாரு வந்திருக்காங்க, தாத்தா?" யாருமில்லை. "அட்டெண்டர் பேரு எழுதணும்." என் பேரையே எழுதச் சொன்னேன். எழுதினாள்.

இடது கண் புரை முற்றிவிட்டது. ஆபரேஷன். வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். எனக்கு, தெரியாது.

வரிசையாக நாற்காலி, எல்லார் பக்கத்திலும் ஒருவர். போன் அதிர்ந்தது. எழுத்தெல்லாம் பால் கொட்டின மாதிரி. பக்கத்தில் ஒரு கறுப்பு பர்தா, அம்மாவைக் கூட்டி வந்த பெண். படித்துச் சொல்லச் சொன்னேன்.

"சுமதின்னு போட்டிருக்கு. மாமா, 50.8. டீம்ல எடுத்துட்டாங்க. நாளைல இருந்து வேன் வருது. நீங்க காலைல எழுந்துக்க வேணாம். கண்ணு என்னாச்சு." படித்துவிட்டு, "நல்ல சேதியா தாத்தா?" என்றது.

நல்ல சேதி என்றேன். எண்ணை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

மே 26, திங்கள்

மேகமூட்டம். 4.50 விழிப்பு. எழுந்துக்க வேண்டாம் என்றார்கள், எழுந்தேன்.

துண்டு, வாழைப்பழம் 2, தொப்பி, கண்ணாடி. எடுத்து வைத்தேன்.

5.18 வேன். உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள், ஒரே சத்தம். ஏறினாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து, நிமிர்ந்து பார்த்தாள்.

நான் வாசல் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். 5.10லிருந்தே.

5.24. பால் இன்னும் வரவில்லை.