தப்புச் சாய்வு

மே 5, 1987

மழை. பௌல்ஸ் ஆட்டம் ரத்து; ஈரப் புல்லில் உருண்டை உருட்ட முடியாது. ரோனா, ஜீன், இஷ்பெல், நான் — நாலு பேரும் கிளப் அறையில் டீயை வைத்துக்கொண்டு நனைந்த புல்வெளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மகளிர் கிளப்பில் இப்போது இந்த நாலு பேர்தான். ஓர் அணிக்கு நாலு பேர் வேண்டும். இந்த வருடம் லீக்கிலிருந்து விழுந்தால் ஆண்கள் கிளப்போடு சேர்த்துவிடுவார்கள்.

"அவனுங்களுக்கு வருஷக்கணக்கா சாண்ட்விச் வெட்டினேன். ஒரு உருண்டையத் தொட விட்டானுங்களா?" என்றாள் இஷ்பெல். "அதுக்கப்புறம்தான் உருளைக்கிழங்குக் காடாக் கிடந்த இந்த இடத்தை நாங்களே ரோலர் இழுத்துச் சமமாக்கினோம். திரும்ப அங்க போறதுக்குச் செத்துரலாம்."

ஜூன் 9

இஷ்பெல் இன்று உருண்டையைத் திருப்பிப் பிடித்துவிட்டாள். உருண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைந்துதான் ஓடும்; அந்தப் பக்கத்தைக் காட்டும் சின்ன வளையம் உள்பக்கம் இருக்க வேண்டும். மாறினால் எதிர்த்திசையில் வளைந்து பக்கத்து ஆட்டத்துக்குள் போய்விடும். தப்புச் சாய்வு. புதிதாக வருகிறவர்கள் செய்வது. எல்லோரும் சிரித்தோம், அவளும்தான்.

ஜூலை 2

மறுபடியும். யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 16

இஷ்பெலின் மகள் போன் செய்தாள். "அம்மா கெட்டிலை அடுப்புல வெச்சுட்டு மறந்துடறாங்க ஆன்ட்டி. ஞாபக மறதி நோய்தான்னு டாக்டர் சொல்லிட்டார். விளையாட்டை மட்டும் நிறுத்திடாதீங்க."

நிறுத்தினால் அணியே இல்லை. அவளுக்காக வைத்திருக்கிறேனா, கிளப்புக்காகவா? எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 29

கடைசி ஆட்டம். வென்றால் லீக்கில் நீடிப்போம். ஆண்கள் கிளப் தலைவர் சோர்லி வேலியோரம் நின்று பார்த்தார்.

கடைசிச் சுற்றில் இஷ்பெல் உருட்டிய இரண்டுமே தப்புச் சாய்வு. பக்கத்து ஆட்டத்துக்குள் புகுந்து அவர்களுடையதைக் கலைத்துவிட்டன. "வீட்டுக்காவது வழி தெரியுமா பாட்டிக்கு?" என்றாள் அங்கே ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். இஷ்பெல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

கடைசி உருண்டை அணித் தலைவியான என்னுடையது. இலக்கான வெள்ளைக் குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் கிளப் பிழைக்கும். கண்ணை மூடிக்கொண்டே செய்துவிடுவேன், அவ்வளவு சுலபம். கைக்குள் திருப்பிப் பிடித்தேன் —

அதுவும் பக்கத்து ஆட்டத்துக்குள் போனது.

"ஏண்டி நெட்டா, நான்தான் கிழவி. உனக்கென்னடி கேடு?" இஷ்பெல் சிரித்துவிட்டாள்.

ரோனா சிரிக்கவில்லை. "வேணும்னேதானே பண்ணினே?"

"இல்ல," என்றேன். பொய்.

செப்டம்பர் 20

இணைத்துவிட்டார்கள். இனி எங்களுக்கு விளையாடக் கிடைப்பது செவ்வாய் மதியம் மட்டும். எங்கள் புல்வெளி கார் நிறுத்தும் இடமாகப் போகிறதாம். சனிக்கிழமை சாண்ட்விச்சுக்கு யார் வருகிறீர்கள் என்று சோர்லி கேட்டார். ரோனா என்னோடு பேசுவதில்லை.

என்ன காரியம் பண்ணிட்டேன் நான்? இஷ்பெலோட ஒரு நிமிஷச் சிரிப்புக்காகவா?

மார்ச் 13, 1988

முதியோர் இல்லத்தில் இஷ்பெலைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்குன்னு ஒரு கிளப் இருந்துச்சு. கடைசி ஆட்டத்துல என் உருண்டையெல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. ஒருத்தி தப்புச் சாய்வா உருட்டிக் கெடுத்துட்டா. பேரு வர மாட்டேங்குது. அவளை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ விளையாடுவியாம்மா?"

"இல்லீங்க," என்றேன். பிஸ்கட்டை டீயில் நனைத்து அவள் கையில் கொடுத்தேன்.